பாளையங்கோட்டை பக்கம் வீட்டுச் சோறு மாதிரி குடுக்கிற வண்டிக்கடை இருந்தா சொல்லுங்களேன், அப்பாவுக்காக கேக்கேன்

விகேபுரத்து பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர்ல வேல பாக்கேன், சொந்த ஊரு விக்கிரமசிங்கபுரம். அப்பா மில்லுல ஷிப்டு ஷிப்டா ஓடி ரிடையர் ஆகி இப்ப பாளை சமாதானபுரம் பக்கம் வீடு. அம்மா போன தை மாசம் தவறிட்டாவ. அதுல இருந்து அப்பா தனியாத்தான் இருக்காவ. எங்கூட வந்து இருங்கன்னு எத்தனையோ தடவ கூப்பிட்டாச்சு, நாலு நாளு இருப்பாவ, அஞ்சாம் நாளு ஆத்துல குளிக்காம ஒடம்பு என்னமோ போல இருக்குன்னு பஸ் ஏறிருதாவ.

பிரச்சின மத்தியான சாப்பாடுதான். காலைலயும் ராத்திரியும் இட்லி வாங்கிக்கிடுவாவ, அது பரவால்ல. மத்தியானம் சோறு வேணும் அவுகளுக்கு. அம்மா செவ்வாக்கெழமன்னா உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும், ஞாயித்துக்கெழம மீன்கொழம்பு, திங்கக்கெழம அந்த சுண்ட வச்ச மீன்கொழம்ப பழையதுக்கு தொட்டுக்கிட, மத்த நாளு புளிக்கொழம்பு கூட்டாஞ்சோறுன்னு மாத்தி மாத்தி பண்ணுவாவ. மில்லுக்கு போகயிலயும் தூக்குச்சட்டி நெறைய சோறு, அதுக்குள்ளயே ஒரு சின்னக் கிண்ணத்துல தொவையல், கடச் சாப்பாடு சாப்பிட்டதே கெடையாது.

இப்ப ஒரு ஓட்டல்ல மாசக்கணக்கு வச்சு குடுத்தேன். என்னத்த போட்டு வேக வச்சாவளோ, சாப்பிட்ட ஒடனே வயிறு உப்பிக்கிடுது, சாம்பார் நேத்தது, போன மாசம் ரெண்டு நாளு வயித்தால போயி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரில சேத்து குளுக்கோஸ் ஏத்துற அளவுக்கு போயிட்டு. பக்கத்து வீட்டு அத்தை போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். அப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.

நெல்லைல என்ன சாப்பிடலாம்னு யூடியூப்ல தேடுனா பூரா பரோட்டா சால்னா, அல்வா, பிரானூர் பார்டர் கோழி. அதெல்லாம் ஊரு பாக்க வாறவுகளுக்கு சரி. தெனமும் திங்குற சோத்த பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்காவ. அப்பாவுக்கு சுகர் இருக்கு, பல்லு ரெண்டு மூணு இல்ல, ரொம்ப உறைப்பு ஆகாது, நடந்து போற தூரமா இருந்தா நல்லது. வண்டிக்கடையா இருந்தாலும் சரி, சுத்தமா பண்ணா போதும். தெரிஞ்சவிய சொல்லுங்க.

லேப் தம்பி, பாளை:

அக்கா, நான் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லேப்ல வேல பாக்கேன், அஞ்சு வருசமா மத்தியானம் வெளியதான் சாப்பாடு, அதனால அனுபவத்துல சொல்லுதேன். ஆஸ்பத்திரிய சுத்தி வண்டிக்கடை நெறைய உண்டு, ஏன்னா நோயாளி கூட தொணைக்கு இருக்கவங்க தென்காசி, சங்கரன்கோவில், திருச்செந்தூர் பக்கம் இருந்தெல்லாம் வந்து நாள் கணக்கா கெடப்பாங்க, அவங்களுக்கு கொறஞ்ச வெலைல வயித்துக்கு ஒத்துக்கிடுற சாப்பாடு வேணும். தயிர்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தக்காளிச்சோறு, புளியோதரை இதுதான் ஓடும், பொட்டலம் 40ல இருந்து 50 ரூபா.

நான் பாத்து வச்ச ஒரே கணக்கு என்னன்னா எந்த வண்டி ரெண்டு மணிக்குள்ள காலி ஆகுதோ அங்கதான் சாப்பிடணும். நாலு மணிக்கும் சட்டில சோறு கெடந்துச்சுன்னா அந்தப் பக்கமே தலவச்சு படுக்காதீங்க. இன்னொண்ணு சோத்த நேரா நியூஸ்பேப்பர்ல வைக்கானா எலைய போட்டு வைக்கானான்னு பாருங்க, அந்த மை சோத்துல எறங்கும், அதுல சாப்பாடு கட்டக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லிருக்கு.

முருகன்குறிச்சி தாண்டி ஒரு அக்கா பச்ச கலர் தள்ளுவண்டில போடுறாங்க, பேரெல்லாம் ஒண்ணும் கெடையாது, அவங்க தயிர்ச்சோத்துல மாங்கா இஞ்சி நறுக்கி போட்டு, பக்கத்துல ஒரு மோர்மொளகா. ஒரு தடவ காய்ச்சல்ல நாக்கு செத்துப்போயி கெடந்தப்ப அந்த ஒரு பொட்டலம்தான் உள்ள எறங்குச்சு. உங்க அப்பாவுக்கு அங்க இருந்து ஆரம்பிச்சு பாருங்க.

தொலி உளுந்து:

தாயி, நான் நெல்லை டவுண் மேலரதவீதிக்காரன், வயசு அறுபத்தெட்டு. உளுந்தஞ்சோறுன்னு நீ எழுதினத பாத்துட்டு சும்மா போக முடியல.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். சொதியும் அவியலும் இடிசாம்பாரும் கடைல கேட்டு அலையாத. சொதி மறுவீட்டுச் சாப்பாடு, கல்யாணம் முடிஞ்சு மறுநாளு மாப்ள வீட்டுக்காரவுகளுக்கு பொண்ணு வீட்டுல வைக்கது, தேங்காய மூணு பாலு எடுத்து, மூணாம் பால்ல காய வேக வச்சு, ரெண்டாம் பால ஊத்தி, சிறுபருப்ப சேத்து, கடைசில கெட்டிப்பால ஊத்துன ஒடனே எறக்கிறணும், கொதிச்சா திரிஞ்சு போவும். எலுமிச்சம்பழம் எறக்குன பெறகுதான். அத வண்டில ஏத்தி ரெண்டு மணி நேரம் நம்ம ஊரு வெயில்ல நிப்பாட்டுனா என்னத்துக்கு ஆவும்? எவனாவது தெனமும் சொதி விக்கான்னா அதுல தேங்காப்பாலு எவ்வளவு, மைதாமாவு எவ்வளவுன்னு கேக்கணும்.

உளுந்தஞ்சோறு அப்படி இல்ல. அது தாங்கும். தொலி உளுந்துதான் வேணும், வெள்ள உளுந்து போட்டா அது வேற சோறு. வெறும் சட்டில வாசம் வாற வரைக்கும் வறுத்துக்கிடணும், ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கையி பூண்டு உரிச்சு முழுசா, ஒரு ஸ்பூன் வெந்தயம், சீரகம், உப்பு, எல்லாத்தையும் ஒண்ணா வேக வச்சு பாதி வெந்தப்பறம் தேங்காப்பூ. எறக்கும்போது கொழஞ்சுதான் இருக்கணும், பல்லு இல்லாதவிய கூட முழுங்கிறலாம். சூடா இருக்கயில குழி பறிச்சு நல்லெண்ண ஊத்தி எள்ளுத் தொவையல வச்சு சாப்பிட்டா, அதுக்கு மேல ஒரு வெஞ்சனமும் வேண்டாம். கறிக்கொழம்பு ஊத்துறவிய உண்டு, எனக்கு அது பிடிக்காது, உளுந்து வாசம் அமுங்கிப் போவும். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு இடுப்புக்கு பெலம்னு பண்ணி குடுப்பாவ, எங்க ஆச்சி எனக்கும் குடுத்தா, நெல்லு அடிக்கப் போற அன்னைக்கு காலைல இதுதான்.

டவுண்ல ஒண்ணு ரெண்டு வீட்டுல ஆச்சிமாரு சொல்லி வச்சா பண்ணித் தாறாவ. பாளைல எனக்கு தெரியாது. ஆனா லேப் தம்பி சொல்லுத அந்த பச்ச வண்டில வாரத்துல ஒரு நாளு உளுந்தஞ்சோறு போடுதாவன்னு எங்க மருமகன் சொன்னான்.

மேலப்பாளையத்தான்:

தங்கச்சி, உங்க அம்மா விசயம் கேட்டு மனசு கஷ்டமா போச்சு. எங்க உம்மா மவுத்தாகி மூணு வருசம் ஆச்சு, வாப்பா ஆறு மாசம் சரியா சாப்பிடல, அதனால நீங்க படுத பாடு எனக்கு தெரியும்.

எங்க ஊருன்னா எல்லாரும் பிரியாணிம்பாவ. செவ்வாக்கெழம மாட்டுச் சந்தைக்கு வாறவுகளுக்கு அது சரி. வீட்டுல நாங்க சாப்பிடுறது நெய்ச்சோறும் தால்சாவும், அதுவும் வெசேசத்துக்குத்தான். அப்பாவுக்கு சுகர்ங்கிறீங்க, நெய்ச்சோறு மாசத்துக்கு ஒரு நாளு போதும். நான் சொல்ல வந்தது கஞ்சி. நோன்பு மாசத்துல பள்ளிவாசல்ல காய்ச்சுற கஞ்சி, பச்சரிசி, சிறுபருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காப்பால், பெறகு கறியும் கொஞ்சம் போடுவாவ. சாயங்காலம் எல்லாரும் தூக்குவாளிய கொண்டுக்கிட்டு வரிசைல நிப்பாவ, எங்க தெருவுல எந்த சாதி எந்த மதம்னு பாக்காம ஊத்துவாவ. எங்க வாப்பா அந்த ஆறு மாசத்துல வயிறு நெறைய சாப்பிட்டது அந்த கஞ்சிதான். ரம்ஜான் வந்தா சொல்லுங்க, அப்பாவுக்கு நான் வாளில வாங்கி வீட்டுக்கே கொண்டாந்து தாறேன்.

அது வரைக்கும், முடியாத நாளைக்கு அம்மா உணவகம் இருக்கு, தயிர்ச்சோறு 3 ரூபா, சாம்பார் சோறு 5 ரூபா. சில நாளு சோறு கொஞ்சம் கட்டியா இருக்கும், ஆனா சூடா இருக்கும், வயித்துக்கு கெடுதல் பண்ணாது. போறதுக்கு வெக்கப்பட வேண்டியதில்ல, நானும் மார்க்கெட்டுக்கு போற அன்னைக்கு அங்கதான் சாப்பிடுதேன்.

பச்ச வண்டி:

எம்மவன் இத காட்டுனான். நீங்க சொல்லுத அந்த பச்ச வண்டி என்னோடதுதான், அவன் டைப் அடிக்கான் நான் சொல்லுதேன்.

தாயி, மொதல்ல நான் எப்படி பண்ணுதேன்னு சொல்லிருதேன், பெறகு அப்பாவ அனுப்பவா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணு. காலைல மூணரைக்கு எந்திப்பேன். தெனமும் ஆறு கிலோ அரிசி, வடிச்ச சோறுதான், குக்கர் கெடையாது, சோடா உப்பு எங்க வீட்டு அடுப்படிலயே இல்ல. கலந்த சோத்துக்கு பொன்னி, அது உதிரி உதிரியா நிக்கும். உளுந்தஞ்சோத்துக்கும் பழையதுக்கும் மட்டும் அம்பை 16 குண்டரிசி, இட்லிக்கு போடுவாவல்லா அதுதான், நல்லா கொழஞ்சு குடுக்கும், நீத்தண்ணியும் ருசியா எறங்கும். எங்க அண்ணன் கல்லிடைக்குறிச்சில வயல் போடுதான், பிசான போகம் நெல்லு அறுத்த ஒடனே ரெண்டு மூட அனுப்பிருவான்.

எலுமிச்சஞ்சோத்துக்கு சோறு நல்லா ஆறுன பெறகுதான் சாறு ஊத்துவேன், சூட்டுல ஊத்துனா கசக்கும். தயிர்ச்சோத்துக்கு காலைல பாலுதான் கூட ஊத்தணும், தயிரு ஒரு கரண்டி ஒறைக்கு ஊத்துத மாதிரி, மத்தியானம் நீங்க பொட்டலத்த பிரிக்கும்போது அது சரியா தோஞ்சிருக்கும், புளிக்காது. புளிக்காய்ச்சல் மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்க நல்லெண்ணயில காய்ச்சி ஜாடில வைப்பேன். தேங்கா போட்ட எதையும் ஒண்ணர மணிக்கு மேல விக்க மாட்டேன். உளுந்தஞ்சோறு செவ்வாயும் வெள்ளியும், கூட்டாஞ்சோறு புதங்கெழம. கூட்டாஞ்சோத்துக்கு முருங்கைக்கீரை, கத்திரிக்கா, வாழைக்கா, மாங்கா, சீனியவரைக்கா எல்லாம் நயினார்குளம் மார்க்கெட்ல மொத நாளு ராத்திரியே வாங்கிருவேன். சின்ன வெங்காயம் சீரகம் தேங்கா அரைச்சு ஊத்தி, மேல கூழ்வத்தல் ரெண்டு பொரிச்சு வச்சு தருவேன். தை மாசம்னா சிறுகிழங்கு பொரியல் உண்டு, அத தோலு சொரண்டுறதுக்குள்ள வெரலெல்லாம் கருத்துப் போவும், அதனால நெறைய பேரு பண்ண மாட்டாவ, நான் பண்ணுவேன்.

இந்த வண்டி ரெண்டாவது வண்டி. மொத வண்டி கொரோனா முடிஞ்சப்ப தெருக்கடைக்காரவுகளுக்கு கவர்மெண்டு குடுக்குற ஸ்வாநிதி லோனு பத்தாயிரம் வாங்கி போட்டது. 2023 டிசம்பர் 17, 18 மழைல அது போயிட்டு. ராத்திரி வண்டிய வண்ணார்பேட்டைல சங்கிலி போட்டு கட்டிட்டு வந்தேன், காலைல ஆறு ரோட்டுல ஓடுது. சங்கிலி மட்டும் அந்த போஸ்ட்ல கெடந்துச்சு. வீட்டுல பத்து கிலோ அரிசி நனையாம இருந்துச்சு, பரண்ல வச்சிருந்ததால. தெருவுல யாரு வீட்டுலயும் அடுப்பு எரியல. அந்த பத்து கிலோவையும் கஞ்சியா காய்ச்சி சட்டியோட மாடில வச்சோம், வெறும் உப்பும் சின்ன வெங்காயமும்தான், பெரிய வீட்டுக்காரவிய சின்ன வீட்டுக்காரவிய எல்லாம் ஒண்ணா உக்காந்து குடிச்சாவ. அதுக்கப்பறம் அந்த தெருக்காரவிய சேந்துதான் இந்த பச்ச வண்டிக்கு பாதி ரூவா தந்தாவ. அதனால சோத்துல நான் கள்ளத்தனம் பண்ண முடியாது தாயி, பண்ணவும் மாட்டேன்.

அப்பாவ பன்னெண்டேகாலுக்கு வரச் சொல்லு. ஸ்டூலு இருக்கு, வேப்பமரத்து நெழல்ல உக்காந்து சாப்பிடலாம். சுகருக்கு சோத்த கொறச்சு காய கூட வச்சு தாறேன். துட்டு அப்பறம் பாத்துக்கிடலாம்.

லேப் தம்பி, பாளை:

அக்கா நீங்களா! அஞ்சு வருசமா சாப்பிடுதேன், வண்டி வெள்ளத்துல போன கத எனக்கு தெரியவே தெரியாது. இடையில ரெண்டு மாசம் நீங்க வராதப்ப ஊருக்கு போயிட்டாங்கன்னு நெனச்சேன்.

தொலி உளுந்து:

அம்மா, நல்லா இரு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், எள்ளு கருப்பா வெள்ளையா?

பச்ச வண்டி:

கருப்பு எள்ளுதான் அண்ணாச்சி. கழுவி, வடிய விட்டு, வெடிக்குற வரைக்கும் வறுப்பேன். வத்தல், பூண்டு, புளி, உப்பு, கொஞ்சம் தேங்கா, அம்மில அரைக்க முடியல, மிக்ஸிதான்.

தொலி உளுந்து:

கருப்பு எள்ளுன்னா சரி. செவ்வாக்கெழம டவுண்ல இருந்து பஸ் ஏறி வாறேன்.

விகேபுரத்து பொண்ணு:

மூணு வாரம் கழிச்சு எழுதுதேன், மன்னிச்சுக்கிடுங்க, ஆபீஸ்ல வேல. எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னு தெரியல.

மொத நாளு அப்பா போக மாட்டேன்னுட்டாவ, ரோட்டுல உக்காந்து சாப்பிட்டா பாக்குறவிய என்ன நெனைப்பாவன்னு. ரெண்டாம் நாளு பக்கத்து வீட்டு அத்தைய விட்டு பொட்டலம் வாங்கி குடுக்கச் சொன்னேன், புதங்கெழம, கூட்டாஞ்சோறு. சாயங்காலம் போன் பண்ணி, கூழ்வத்தல் உங்க அம்ம போடுத மாதிரியே இருந்துச்சுன்னு சொன்னாவ, பெறகு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, நானும் பேசல, போன வைக்கவும் இல்ல.

அதுக்கடுத்த வெள்ளிக்கெழம அவியளே நடந்து போயிருக்காவ. இப்ப தெனமும் பன்னெண்டு மணிக்கு சட்டைய மாத்திக்கிட்டு கெளம்பிருதாவளாம், அத்தை சொன்னாவ. தொலி உளுந்து அண்ணாச்சியும் வந்தாவன்னு கேள்விப்பட்டேன், ரெண்டு பேரும் வேப்பமரத்தடில ரெண்டு மணி வரைக்கும் மில்லு கத, நெல்லு கதன்னு பேசிட்டு இருந்திருக்காவ.

போன செவ்வாக்கெழம அப்பா வண்டி அக்காகிட்ட, எள்ளுத் தொவையல்ல புளிய பச்சையா வைக்காம சட்டி சூட்டுலயே ஒரு பெரட்டு பெரட்டி வச்சு அரைச்சு பாருங்கன்னு சொல்லிருக்காவ. எங்க அம்மா அப்படித்தான் பண்ணுவாவ. அப்பா அடுப்படி பக்கம் எட்டிக்கூட பாத்ததில்லன்னு நான் இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேன். எப்ப நின்னு பாத்தாவளோ தெரியல.

அக்கா, வாற செவ்வாக்கெழம நான் ஊருக்கு வாறேன், எனக்கும் ஒரு உளுந்தஞ்சோறு எடுத்து வைங்க.

பச்ச வண்டி:

அப்பா சொன்ன மாதிரிதான் இப்ப அரைக்கேன் தாயி, கசப்பு கொறஞ்சிருக்கு, ரெண்டு பேரு கேட்டு வாங்கி சாப்பிட்டாவ. ஒனக்கு எடுத்து வைக்கேன். ஒரு மணிக்குள்ள வந்துரு, தேங்கா போட்டது.